பேச ஆளில்லாத ஊர்

1

நேற்று மாலை என் மகள் ஹெலன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, “மம்மி, இன்னைக்கி பெரிய மிஸ் என்னெ தனியா கூப்ட்டு ரொம்ப நேரம் பேசுனாங்க” என்றாள்.

“என்னத்துக்குப் பேசினவா? என்ன குழப்படி செய்தனீ?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

ஒரு கணம் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அய்யோ மம்மி! பேசுனாங்கன்னா பேசுனாங்க, அவ்ளோதான். திட்டல. பிரைஸ் டேல பாட சொன்னாங்க. இந்த சிலோன் தமிழ எப்பத்தான் விடுவீங்களோ!”

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நமக்கு ஒருவரோடு வாய் திறந்தால் அது கதைப்பது. பேசுவதென்றால் ஏசுவது. அம்மா பேசினவா, வாத்தியார் பேசினவர் என்றால் யாரோ வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று அர்த்தம். இந்தப் பெங்களூரிலோ எல்லாரும் எல்லாரோடும் காலை முதல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவருக்கும் கோபமில்லை. ஏசுவதற்குத் திட்டுவது என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். கதை என்றால் அது சினிமாவுக்கு எழுதுவது. கல்யாணமாகி இங்கே வந்து காக்ஸ் டவுனில் குடியேறி இவ்வளவு காலத்தில் இட்லிக்கும் பழகிவிட்டேன், கன்னடத்தில் காய்கறிக்காரனோடு மல்லுக்கட்டவும் பழகிவிட்டேன். இந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் கப்பலேறி வர மாட்டேன் என்கிறது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த ஒரு சொல்லை நம்பி ஒரு ஐரோப்பியன் சினிமாப் படமே எடுத்தான். இன்று என் அம்மா இறந்து ஒரு வருடம். அம்மாவை நினைக்க உட்கார்ந்தால் கூடவே அவனும் வந்து நிற்கிறான். அதனால் அவனைப் பற்றியே எழுதுகிறேன்.

2

மார்த்தோன் ஹங்கேரிக்காரன். வந்தபோது இருபத்தேழு வயது. ஐம்பத்தாறாம் ஆண்டு, பட்டு உற்பத்தியைப் பற்றிச் செய்திப்படம் எடுக்க அவன் நாட்டு அரசாங்க ஸ்டூடியோ அவனையும் வேறு சிலரையும் மைசூர் ராஜ்யத்துக்கு அனுப்பியிருந்தது. படம் முடிகிற நேரத்தில் இவனுக்கு மஞ்சள் காமாலை. மற்றவர்கள் பிலிம் பெட்டிகளோடு கப்பலேற, இவன் கண்ணும் நகமும் மஞ்சளாகப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே கணக்குப் பிரிவில்தான் என் கணவருக்கு வேலை.

கிடந்த இடத்தில் செய்தி வந்தது. அவன் ஊர்த் தெருக்களில் ரஷ்ய டாங்கிகள் புகுந்துவிட்டன. அதே வாரம் இங்கே, கன்னடப் பகுதிகளெல்லாம் சேர்ந்து மைசூர் ராஜ்யம் பெரிதான சந்தோஷத்தில் ஊர் விளக்கும் ஊர்வலமுமாக அமளிப்பட்டது. வெளியே பட்டாசு வெடித்தபோது அவன் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றானாம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மழையில் நனைந்த பூனையைக் கொண்டுவருவது போல அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பின்கட்டு அறை அவனுடையதாயிற்று.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கேட்டால், முதலில் ஊருக்கு வா, பிறகு பார்க்கலாம் என்று பதில். அப்படிப் போன சிநேகிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. போகவும் முடியாது, இருக்கவும் காகிதமில்லை. மாதம் தவறாமல் போலீஸ் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதியில்லாமல் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. மாலையில் அல்சூர் ஏரிவரை நடந்து, கரையைச் சுற்றிக்கொண்டு வருவான். “எங்கால வெளிக்கிட்டாலும் அதே இடத்திலதான் வந்து நிக்கிறன் அக்கா” என்பான்.

ஆம், இப்படித்தான் சொல்லுவான். நான்தானே வாத்தியார்! நம்மூரில் நான் பெற்ற ஆசிரியர் தராதரப் பத்திரத்தை இந்த நகரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் ஏற்கவில்லை. கடைசியில் கிடைத்த ஒரே மாணவன் இவன். அவனுடைய இங்கிலீஷ் அரைகுறை. தமிழைப் பிடித்துக்கொண்டான், அதுவும் என் தமிழை.

அதனால் வந்த வினையில் முதலாவது, நம்மூரில் ஆமாம் என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’. பால்காரர் வந்து, “தொரெ, பால் ஊத்தட்டா?” என்று கேட்பார். இவன் பவ்யமாக, “ஓம்” என்பான். பால்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார். ஒருநாள் என்னிடம் மெதுவாக, “டீச்சரம்மா, வேதக்கார ஊட்ல இருந்துக்கினு தொரெ ஓம் ஓம்னு ஜெபிக்கிறாரே, அவுருக்கு யாரு குரு?” என்று கேட்டார். நான்தான் குரு என்று எப்படிச் சொல்வது?

போலீஸ் அலுவலகத்தில் அது நன்மையாகவே முடிந்தது. அங்கே இருந்த குமாஸ்தா நெற்றியில் நாமம் போட்ட பெரியவர். “இன்னும் இங்கேயே இருக்க உத்தேசமா?” என்று அவர் கேட்டதற்கு இவன் “ஓம்” என்றதும், பக்கத்து மேசைக்காரரிடம் கன்னடத்தில், “கேளித்ரா? ஓம் அந்தாரல்லா!” என்று பூரித்துப்போய் நாற்காலி போடச் சொன்னார். பிறகு மொழிபெயர்க்கப் போன என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்களும் சிலோன்தானே அம்மா? உங்க பேப்பரெல்லாம் சரியா இருக்கா?” என்றார். சரியாக இருக்கவில்லை. அன்றிலிருந்து, காத்திருப்பவர்களுக்கு அங்கே போட்டிருந்த வாங்குப் பலகையில் நானும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

3

நான் அரிசி கொழிக்கும்போது சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லுவான். தகப்பன் யுத்தத்தில் போய்விட்டார். தாய் ஒரு சின்ன ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். யுத்தம் முடிந்து வந்த புதிய அரசாங்கம் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சினிமாப் பள்ளிக்கூடம் திறந்தபோது இவன் நுழைந்துவிட்டான். முதற் படம் பத்து நிமிடம். ஒரு ட்ராம் வண்டிக் கண்டக்டர் பெண்ணின் கைகள் மட்டும். இரண்டாவது, செங்கல் சூளைப் பெண்கள் மத்தியானம் சாப்பிடுகிற அரை மணி நேரம். அதற்குப் பரிசு கிடைத்து, நாட்டின் நம்பிக்கை என்று பத்திரிகையில் படம் வந்தது. அந்தக் கத்தரித்த தாளைத் தாய் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டி வைத்தாளாம்.

மூன்றாவதுதான் முழுநீளப் படம். கைதி முகாமிலிருந்து பல வருடம் கழித்து ஒருவன் வீட்டுக்கு வருகிறான். தாய் கதவைத் திறக்கிறாள். கட்டிப்பிடிக்கவில்லை. “சப்பாத்தைக் கழற்று! இப்பத்தான் தரை கழுவினேன்!” என்று தொடங்கி ஏசுகிறாள், ஏசுகிறாள், நிறுத்த முடியாமல் ஏசுகிறாள். யுத்தத்தின் கடைசியில் பதுங்குகுழி வெட்டப் பிடித்துக்கொண்டு போன இவன் திரும்பி வந்தபோது இவனுடைய தாய் செய்தது அதுதான். ஸ்டூடியோப் பெரியவர்கள் பார்த்தார்கள். புதிய நாட்டின் தாய் மகனைக் கட்டியணைக்க வேண்டும், மறுபடி எடு என்றார்கள். மாட்டேன் என்றான். படம் பெட்டிக்குள் போயிற்று, இவன் பட்டுப்புழுவைப் படமெடுக்க அனுப்பப்பட்டான்.

“அதுவும் கூட்டுக்குள்ள, நானும் கூட்டுக்குள்ள” என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

4

அல்சூரில் டென்ட் கொட்டகை வைத்திருந்த கன்னியப்பனுக்கு வெகுநாள் ஆசை, தானும் ஒரு தமிழ்ப்படம் எடுக்க வேண்டுமென்று. எங்கள் வீட்டில் ஒரு டைரக்டர் சும்மா கிடக்கிறான் என்று பால்காரர் மூலம் கேள்விப்பட்டு நேரே வந்துவிட்டார். “வெள்ளக்கார டைரக்டர்னு போஸ்டர்ல போட்டா மெட்ராஸ்காரன் வாயப் பொளப்பான் டீச்சரம்மா” என்றார். மார்த்தோன் என்ற பேர் அவர் வாயில் நுழையவில்லை. அன்றே அவன் மார்ட்டின் தொரை ஆனான்.

அவனுக்கு அது வெறும் வேலையல்ல. யாராவது உள்ளூர்க்காரர் வேலை கொடுத்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால்தான் தங்கும் அனுமதியை நீட்டுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கன்னியப்பனின் கையெழுத்துத்தான் இனி அவன் கால்வைத்து நிற்கிற நிலம்.

கதையை அவரே எழுதியிருந்தார். மார்த்தோனுக்கு நான் வாசித்து வாசித்து, இங்கிலீஷும் நம்மூர்த் தமிழும் கலந்து சொன்னேன். கடைசிக் காட்சி இரண்டே வரி: ‘எட்டு வருஷம் கழித்து மகன் வாசலில் நிற்கிறான். தாய் பேசுகிறாள். பேசப் பேச மகன் அழுகிறான்.’ வசனம் அப்புறம் என்று கீழே குறிப்பு. சின்னப் பிள்ளையாயிருந்த ஹெலன் பசியில் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, “தாய் அவனைக் கண்டபடி ஏசுகிறாள், ஏச ஏச அவன் அழுகிறான்” என்று மொழிபெயர்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தாய் பேசினாள், மகன் அழுதான். பின்னே என்ன?

திரும்பி வந்தபோது அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. “அக்கா, இந்தக் கன்னியப்பன் ஆர்? இவருக்கு இது எப்பிடித் தெரியும்?”

அன்று மாலை ஏரிக்கரையைச் சுற்றாமல் நேரே கன்னியப்பன் வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தான். அவருக்கும் சந்தோஷம். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

5

அல்சூரில் ஒரு சந்து வீட்டில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். அன்று கன்னியப்பன் பிலிம் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். தாயாக நடித்தவர் ராஜாமணி அம்மாள். நாடகத்தில் ராணியாக நின்று தொண்டை தேய்ந்தவர். மார்த்தோன் அவரிடம், “அம்மா, மகனுக்குப் பேசுங்கோ. நல்லாப் பேசுங்கோ” என்றான். அவர் அன்பாக, “வாப்பா கண்ணு” என்று ஆரம்பித்தார். இவன் கையை ஆட்டி நிறுத்தி, தானே தாயாகிக் காட்டினான். இடுப்பில் கை வைத்து, காலணியைக் காட்டி, ஹங்கேரி பாஷையில் பொரிந்து தள்ளினான். ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது.

ராஜாமணி அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். “ஓ, அப்டியா? அப்ப கேமராவெ ஓட்டு தொரெ.”

“வாடா மகராசா! இப்பத்தான் ஊட்டுக்கு வய்யி தெரிஞ்சிதா? ஒரு காய்தம் போட கை வர்லெ இல்லெ? கை இன்னா அய்கிப் பூட்ச்சா? அங்கியே நில்லு, செருப்பக் கய்ட்டு! செருப்பப் பாரு, இதப் போட்டுக்கினா ஊர் ஊரா சுத்தனே? முள்ளு குத்தியிருக்குமேடா பாவி! இன்னா பாத்துக்கினு நிக்கிறே, சோறு ஆறுது!”

மகனாக நடித்த பையன் அழ வேண்டியதை மறந்து நின்றான். பிறகு நிஜமாகவே அழுதான். கேமரா நின்ற பிறகும் ராஜாமணி அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. மார்த்தோன் என்னிடம் வந்து, “என்ர அம்மாவும் இப்பிடித்தான் பேசுவா அக்கா” என்றான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

6

மெட்ராஸில் கழுவிய பிலிம் ரயிலில் வந்தது. ஒரு காலையில் கொட்டகையின் துணிகளை இறக்கிவிட்டு, கன்னியப்பன், ராஜாமணி அம்மாள், மார்த்தோன், நான், நாலு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் கன்னியப்பன் எழுந்தார்.

“தொரெ, இன்னா இது? எட்டு வருசம் களிச்சி வர்ற புள்ளெய எந்த அம்மாவாவது இப்டி வண்டவண்டையா திட்டுவாளா? பேசுறான்னு எய்திக் குட்த்தா திட்டுறான்னு எட்த்து வச்சிக்கினு கீறியே!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “கன்னியப்பன் அண்ணை, பிழை என்னிலதான். எங்கட ஊரில பேசிறதெண்டால் ஏசிறது...”

“உங்க ஊரு எங்கம்மா கீது? சமுத்திரத்துக்கு அந்தாண்ட! டிக்கெட் வாங்குறவன் இங்க கீறான்.”

ராஜாமணி அம்மாள் மெல்ல வாய் திறந்தார். “எனக்கு இதுதாண்ணே சரின்னு பட்ச்சு. கட்டிப்புட்ச்சி அய்வுறத எல்லா டிராமாலயும் அய்தாச்சி.”

“நீ சும்மா இரும்மா. தொரெ, நல்லா கேட்டுக்க. மறுபடி எடு. அம்மா கட்டிப்புடிக்கணும், அய்வணும், ஒரு பாட்டு வரணும். முடியாதுன்னா சொல்லிடு, நா ஆபீசுக்குப் போயி என் கையெய்த்த வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கும் பொண்டாட்டி புள்ளெ கீது.”

அவர் கெட்டவரில்லை. அதுதான் பெரிய கஷ்டம், கோபிக்கவும் ஆளில்லை.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மார்த்தோன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் நாட்டில் எந்தக் காட்சிக்காக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தானோ, அதே காட்சி கடல் தாண்டி வந்து அவனைக் கொட்டகை மணலில் பிடித்திருக்கிறது. அங்கே மாட்டேன் என்றால் பட்டுப்புழு. இங்கே மாட்டேன் என்றால் நிற்க இடமில்லை.

“அக்கா, உங்கட ஊரில மட்டும்தானா அப்பிடி?”

“ஓம் தம்பி. எங்கட ஊரில மட்டும்தான்.”

அவன் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தான். “ஓம்” என்றான். அந்தத் தடவை ஒருவரும் கும்பிடவில்லை.

7

மறுபடி எடுத்தார்கள். ராஜாமணி அம்மாள் கட்டிப்பிடித்து அழுதார், பின்னால் பாட்டு ஓடியது. மெட்ராஸ் போய்ப் படத்தைத் தொகுக்க அவனுக்கு அனுமதி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. யாரோ வெட்டி ஒட்டினார்கள். தான் எடுத்த படத்தை அவன் முதல்முதல் அல்சூர்க் கொட்டகையில் ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்துதான் பார்த்தான். கடைசிக் காட்சியில் பெண்கள் பக்கம் முழுவதும் மூக்குறிஞ்சல். நானும் அழுதேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அழுதேன். வெளியே வந்ததும், “நல்லா அழுதனீங்களோ அக்கா?” என்று கேட்டான். கேலியில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டான். கழித்த பிலிமெல்லாம் வளையல் செய்கிறவர்களிடம் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். கொஞ்ச நாள் அல்சூர்ப் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நெடுநாள் அலைந்து அவனுக்கு ஒரு பயணக் காகிதம் கிடைத்தது. எல்லா நாட்டுக்கும் செல்லும், அவனுடைய நாட்டைத் தவிர. கூடப் படித்தவன் ஒருவன் கனடாவில் பொறுப்பேற்றான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் நின்றோம். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் கீழே இறங்கி வந்தான்.

“அக்கா, ஒருக்கா எனக்குப் பேசுங்கோ.”

“என்னத்துக்கடா?”

“அம்மாட்டப் போக ஏலாது. ஆரும் எனக்குப் பேசி எவ்வளவு காலம்.”

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தொடங்கினேன். “எருமை! சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாதோ உனக்கு? ஈரல் கெட்டுக் கிடந்தது மறந்துபோச்சோ, சாப்பிடாமல் சிகரெட்டை ஊதிக்கொண்டு திரியிறாய்! பதில் வராட்டில் என்ன, தாய்க்குக் காயிதம் போடக் கை நோகுதோ? குளிர் ஊருக்குப் போறவன் இந்த மெல்லிய சேட்டைப் போட்டுக்கொண்டே போவான்? அறிவு கெட்டவனே...”

கூட்டம் கூடிவிட்டது. ஒரு போர்ட்டர், “இன்னாமா, வெள்ளக்காரனப் போயி இப்டி திட்டிக்கினு கீறே!” என்றார். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். மார்த்தோன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். “ஓம் அக்கா... ஓம்... ஓம்” என்றுகொண்டே இருந்தான், வண்டி அசையும்வரை.

இப்போது கனடாவில் டின் மீனுக்கு விளம்பரப் படம் எடுக்கிறான். கிறிஸ்மஸுக்கு வாழ்த்து வரும். முழுப்படம் ஏதும் இன்னும் எடுக்கவில்லை.

8

என் அம்மா என்னைப் பேசாமல் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஏன் மெலிந்தாய், ஏன் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் பழக்கவில்லை, வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை வருடம் ஏமாற்றுவாய் என்று வரிக்கு வரி ஏச்சு. போன வருடம் தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் காலம் கடந்து கிடந்தது. நீ இந்தியரின் மனைவி, அங்கே கேள் என்றது இலங்கை அலுவலகம். நீ சிலோன்காரி, அங்கே கேள் என்றது இங்குள்ள அலுவலகம். மார்த்தோனோடு உட்கார்ந்த அதே வாங்கில் தனியாக உட்கார்ந்தேன். முத்திரை விழுந்தபோது அம்மாவின் குழிமேல் புல் முளைத்திருக்கும்.

இன்று தேவாலயத்துக்குப் போய் வந்து முன்னறையில் இருந்தேன். என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே பார்த்தார். கல்யாண நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லாத மனுஷன்.

“என்ன, பேசாம உக்காந்திருக்கே?”

“பேச ஆர் இருக்கினம்?”

“நான் இருக்கேனே. நான் பேச மாட்டேனா?”

“நீங்கள் பேசமாட்டியள். உங்களுக்குப் பேசத் தெரியாது.”

அவர் முகம் வாடிப்போயிற்று. பாவம், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் செய்தி, பஸ்ஸில் கண்ட சண்டை, ஹெலன் பாடப்போகிற பாட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னார். காப்பி ஆறும்வரை என் கையைத் தடவித் தடவி எவ்வளவோ அன்பாகக் கதைத்தார். ஒருவரும் என்னைப் பேசவில்லை.